மருமகள் பெயரில் ஒரு டியூப்

எங்கள் ஆய்வின் தொடக்க விழாவில் பதினோரு பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பேராசிரியருக்கு இரண்டு. விளக்கேற்ற வந்தவருக்கு ஒன்று. விளக்கேற்ற வராமல் மகனை அனுப்பியவருக்கும் ஒன்று. மறுநாள் முதல் ஸ்ரீரங்கத்தின் ஒவ்வொரு வீதியிலும் வெயிலில் ஏறி இறங்கப் போகும் களப்பணியாளர்கள் ஆறு பேரும் சாப்பாட்டுப் பொட்டலம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

ஆய்வு என்னவென்று சொல்லிவிடுகிறேன். கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பெரும்பாலும் ஒரு வைரஸ்தான் உண்டாக்குகிறது. தாம்பத்தியத்தின் வழியாக வரும். வாழ்நாளில் என்றாவது ஒருநாள் பெரும்பாலான பெண்களுக்கு வந்து, தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாது. அப்படித் தங்கிவிட்டால், பல வருடங்கள் எடுத்துக்கொண்டு, வலி எதுவும் காட்டாமல் புற்றுநோயாக மாறும். தொற்றுக்கும் புற்றுக்கும் நடுவில் இருக்கும் அந்த வருடங்களில்தான் எங்கள் வேலை. வீட்டுக்கே போய்ப் பெண்ணிடம் ஒரு பஞ்சுக்குச்சியும் டியூபும் கொடுப்போம். அவள் உள்ளே போய்த் தானே மாதிரி எடுத்துத் தருவாள். வைரஸ் இருந்தால் கிளினிக்குக் கூப்பிட்டு, புற்றாக மாறுவதற்கு முன்பே சிகிச்சை தருவோம். நல்ல திட்டம். அதை நடத்தியவர்கள் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

பேராசிரியரின் எல்லா உரைகளிலும் முதல் படம் விடியற்காலை ராஜகோபுரம். இரண்டாவது படம் அவர். 'களம்' என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது ஏதோ போர்முனையிலிருந்து திரும்பியவர் போல இருக்கும். ஆனால் அந்த வீதிகளில் ஒரு வீட்டு வாசற்படியைக்கூட அவர் மிதித்ததில்லை. ஒருங்கிணைப்பாளர் முன்பு இன்சூரன்ஸ் விற்றவர். வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறு மணிக்கு 'இன்றைய டார்கெட்' என்று போடுவார். முடிந்த வீட்டுக்கு ஒரு பச்சை டிக். மாலையில் டிக் அதிகம் வாங்கியவருக்குக் கைதட்டும் பொம்மை.

மூன்றாவது ஆள் நான். உயிரிப்புள்ளியியல் படித்தவள். தெற்கு உத்தர வீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் மகள். மற்றவர்களை எடை போடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, என்னை மட்டும் விட்டுவைத்திருந்தேன். களப்பணிக்கான ஆப்பை எழுதியது நான்தான். வீட்டுக்குள் நுழைந்ததும், அந்த வீட்டில் ஆய்வுக்குரிய வயதில் இருக்கும் பெண்களின் பெயர்கள் திரையில் வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு டியூபின் பார்கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். எல்லாப் பெயரும் முடிந்தால் வீடு பச்சையாகும், அடுத்த வீடு திறக்கும். ஆரம்பத்தில் 'பிறகு' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தேன். ஆள் வெளியே போயிருந்தால், உடம்பு சரியில்லாவிட்டால், மாதவிலக்கு நாளாக இருந்தால் அதை அமுக்கிவிட்டு ஒரு வாரம் கழித்து வர வேண்டும். இரண்டாவது வாரத்திலேயே அந்தப் பொத்தானை எடுத்துவிட்டேன். எல்லாரும் அதிகமாக அமுக்குகிறார்கள் என்று எனக்கு எரிச்சல். சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டினேன். எடுத்ததும் எண்கள் அழகாக ஏறின. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "டேட்டா பேசணும்மா. இப்பத்தான் பேசுது" என்றார். நான் பூரித்துப்போனேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

முடிவுகள் வரத் தொடங்கிய மாதத்தில் ஒரு பெண் தனியாகக் கிளினிக்குக்கு வந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை மாடி எங்கள் கிளினிக். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். எங்கள் கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்திருந்தார். வைரஸின் வகைகளிலேயே மோசமான வகை அவருக்கு இருப்பதாகக் கடிதம் சொன்னது.

"மேடம், இது என்னோடது இல்லை" என்றார்.

எல்லாரும் முதலில் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு, அதற்கென்று வைத்திருந்த ஆறுதல் வாக்கியங்களைத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நான் கொடுக்கவே இல்லைங்கறேன். அன்னிக்கு நான் தூரம். பின்கட்டுல உக்காந்துண்டிருந்தேன். உங்க டியூபை நான் கண்ணால பாக்கலை."

"அப்ப உங்க பேர்ல யார் கொடுத்தது?"

"எனக்கு எப்படித் தெரியும்? லெட்டர் வந்தப்புறம்தான் என் பேர்ல ஒண்ணு போயிருக்குன்னே தெரியும். ஆத்துக்காரர் ரெண்டு நாளா எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை."

இந்த வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும், கணவரிடமிருந்தும் வந்திருக்கலாம், யாரையும் சந்தேகப்பட இதில் இடமில்லை என்று விளக்கினேன்.

"அதை அவர்கிட்ட வந்து சொல்றேளா?" என்று கேட்டார். நான் மேசையைப் பார்த்தேன்.

அங்கேயே ஒரு புது டியூப் கொடுத்தேன். தானே எடுத்துக் கொடுத்தார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அவருக்கு வைரஸ் இல்லை.

அன்று மாலை ஸ்ரீரங்கம் தீவு முழுவதற்குமான தரவைத் திறந்து, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டேன். பொத்தானை எடுத்த பிறகு, மாதவிலக்கு என்று மாதிரி எடுக்காமல் விட்ட பெண்கள் எத்தனை பேர்? ஒருத்தியும் இல்லை. இத்தனை வீதி, இத்தனை வாரம், இத்தனை வீடு. ஸ்ரீரங்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் அந்த நாட்களில் மாதவிலக்கு வரவில்லை என்று என் தரவு சொன்னது. இதைத்தான் பேசுகிறது என்று பேராசிரியர் பாராட்டினார். இதற்குத்தான் நான் பூரித்தேன். பள்ளிக்கூடத்துப் பெண் பார்த்தாலே சிரித்திருப்பாள்.

அந்த வீட்டுக்குப் போன களப்பணியாளரைக் கேட்டேன். சின்னப் பெண். மழுப்பவில்லை.

"அக்கா, ஆப்பு அடுத்த வீட்டுக்குப் போகவே விடலை. மேல அவரு ஏன் டிக் வரலைன்னு போன்ல கத்துறாரு. மாமிதான் ஒரு வழி சொன்னாங்க. எனக்கும் அன்னைக்கு அதான் சரின்னு பட்டுச்சு."

"என்ன வழி?"

"நீங்க மாமியையே கேளுங்க. நான் சொன்னா நல்லாருக்காது."

அவளைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. கதவைப் பூட்டிவிட்டு, ஏன் ஜன்னல் ஏறிக் குதித்தாய் என்று கேட்பது போலிருக்கும்.

மாமி என்றது, கிளினிக்குக்கு வந்த அந்த மருமகளின் மாமியாரை. எங்கள் கடைக்கு வந்து பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர். வாசலில் என்னைப் பார்த்ததும், "அடடே, பாத்திரக்கடைப் பொண்ணா, வா வா" என்று உட்காரவைத்து, எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார். கேட்டதும் கொஞ்சமும் தயங்கவில்லை.

"அதுவா? நான்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு வாசல்ல நின்னுண்டு ஒரு பேர் பாக்கி மாமி, ஒரு பேர் பாக்கின்னு நச்சரிச்சா. தூரமா இருக்கறவகிட்டே என்னத்தைப் போய் வாங்கறது? கொல்லையில பாத்திரம் தேய்க்கறவ இருந்தா. இவகிட்டே வாங்கிண்டு போயேன்னுட்டேன்."

"மாமி, அது உங்க மாட்டுப்பொண்ணோட டெஸ்ட்."

"பேர் அவ பேர்தானே போட்டா? கோவில்ல அர்ச்சனைன்னா நான் ஒருத்திதான் போறேன். ஆத்துல எல்லார் பேரும் நட்சத்திரமும் சொல்றேன். எல்லாரும் வந்தா நிக்கறா? பெருமாள் ஏத்துக்கலையா?"

பெருமாளிடம் பரிசோதனைக்கூடம் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "நீங்களே கொடுத்திருக்கலாமே" என்றேன்.

"நான்தான் என் பேர்ல கொடுத்தாச்சே. ஒருத்தியே ரெண்டு தடவை கொடுத்தா அது பொய்யின்னா?"

மாமிக்கும் ஒரு நெறிமுறை இருந்தது. எங்களுடையதைவிட அதை அவர் ஒழுங்காகவே கடைப்பிடித்தார்.

அப்போதுதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். யோசனையில் இருந்தேன், கணக்கு சரியாக வந்துவிட்ட சந்தோஷம் வேறு. "அப்படின்னா அவங்களுக்குத்தான் இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஒருவருடைய நோயை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்று களப்பணியாளர்களுக்கு வகுப்பெடுத்தது நான். தேர்வு வைத்து மதிப்பெண் போட்டதும் நான்.

மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அப்பாடா. நம்மாத்துல யாருக்கும் இல்லை." அந்த நிம்மதி முகத்தில் பரவி முடிவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. "அய்யய்யோ, அவ தேய்ச்சதுலதானே தளிகையே பண்றோம்."

பாத்திரத்தால் பரவாது, தண்ணீரால் பரவாது, தொட்டால் பரவாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "பாத்திரத்தைப் பத்திப் பாத்திரக்கடைப் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தார்.

மறுநாள் மருமகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது: 'அவங்களை நிறுத்திட்டா. காரணமும் சொல்லிட்டா. நம்பர் கீழே. நான் கொடுத்ததா சொல்ல வேண்டாம்.' அந்த வீட்டில் மனிதர் என்று சொல்லத்தக்க ஒருவர் இருந்தார். அவரைத்தான் பின்கட்டில் உட்காரவைத்திருந்தார்கள்.

பேராசிரியரிடம் போனேன். வேலை செய்யும் பெண்ணுக்குத் தகவல் சொல்லி, மறுபடி சோதித்து, சிகிச்சை தர வேண்டும் என்றேன். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி கேட்டார்.

"அவங்க நம்ம ஸ்டடியிலேயே இல்லையேம்மா."

"இல்லை சார். ஆனா சாம்பிள் அவங்களோடது."

"கன்சென்ட் இல்லாத சாம்பிள். சம்மதம் வாங்காம டெஸ்ட் பண்ணினோம்னு நாமளே போய்ச் சொல்றதா? அந்த ரெகார்டை எடுத்துடு. க்ளீனா முடிஞ்சுது."

"அவங்களுக்கு யார் சார் சொல்றது?"

"ஊர்ல இருக்கற எல்லாப் பொம்பளைக்கும் நாம பொறுப்பாம்மா?" என்றார். பிஸ்கட் உடைந்து தேநீரில் விழுந்தது. அதை மீட்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட அக்கறையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே நெறிமுறைக் குழுவுக்கு விதிமீறல் அறிக்கை எழுதினேன். நடந்தது, யாருக்கு நடந்தது, எந்தப் பொத்தானை யார் எந்தத் தேதியில் எடுத்தது, பிறர் முடிவை நான் யாரிடம் உளறியது. நான்கு பத்திகள். என் தவறுகள் இரண்டும் முதல் பத்தியிலேயே இருந்தன. குழு ஒரே நாளில் பதில் அனுப்பியது: அந்தப் பெண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும், தீவில் மாதிரி எடுப்பதை நிறுத்தி, எல்லா வீடுகளையும் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பிறகு பேராசிரியர் என்னோடு நேரடியாகப் பேசுவதில்லை. ஒருங்கிணைப்பாளர் மூலம் பேசினார். அவரோ ஒரு மாதமாக டிக் வராத துக்கத்தில் இருந்தார்.

அறிக்கை எழுதுவது சுலபம். பாத்திரம் தேய்க்கும் அந்த அக்காவைப் பார்க்கப் பாலக்கரைக்குப் போனதுதான் கஷ்டம். பிற்பகல் மூன்று மணி, குறுகலான சந்து. அவர் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். நாற்பத்திரண்டு வயது என்று பிறகு தெரிந்தது. கிளினிக்கிலிருந்து வருவதாகச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"எது அக்கா?"

"எனக்கு எய்ட்ஸுன்னு மாமிகிட்ட சொன்ன ஆளு."

"நான் அப்படிச் சொல்லலை. ஆனா நான் சொன்னதாலதான் அப்படி ஆச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான். உக்கார எடமில்ல, நில்லுங்க."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவே இல்லை. தலையைக் கிள்ளிப் பக்கத்திலிருந்த பூனைக்குப் போட்டுக்கொண்டே கேட்டார். எய்ட்ஸ் இல்லை, புற்றுநோயும் இல்லை, பிற்பாடு புற்றுநோய் ஆகக்கூடிய ஒரு வைரஸ், இப்போதே பார்த்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றேன். டியூபைக் கொடுத்தபோது என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"கவர்மெண்டுக் கணக்கெடுப்பு, உள்ள விட்டுச் சுத்திக் குடுன்னாங்க. ஒன்பது வருசமா அந்த வீட்ல சொன்னதைச் செஞ்சேன். அதையும் செஞ்சேன். என்னமோ எச்சித் துப்பச் சொல்ற மாதிரி சொன்னாங்க." அடுத்த மீனை எடுத்தார். "சரி, நான் ஒண்ணு கேக்குறேன். இது மாமிக்கு வராதா?"

"வரலாம். கல்யாணம் ஆன யாருக்கும் வரலாம்."

"மாமிக்கும் வரும், அவங்க மருமகளுக்கும் வரும், ஏன் உங்களுக்கும் வரும்?"

"எனக்கும் வரும்."

"நான் தேச்ச பாத்திரத்துல வராது?"

"வராது."

"அப்ப இதை இங்க நின்னு எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்கா தெரியணும்? அங்க போய்ச் சொல்லுங்க. நீங்க சொல்லிட்டீங்கன்னு என் காதுக்கு வரட்டும். அப்புறம் உங்க ஆஸ்பத்திரிக்கு வாரேன்."

"அதுக்குள்ள டெஸ்ட் மட்டும்..."

"வரட்டும்னேன்."

அவர் வராமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அது அவருக்கும் புரிந்திருந்தது. தன் உடம்பையே பணயம் வைத்துத்தான் அவர் அதைக் கேட்டார். என்னிடம் கேட்டுப் பெற அவருக்கு வேறு எதுவும் இல்லை.

மறுநாள் காலையே போனேன். கூடத்தில் பக்கத்து வீட்டு மாமிகள் இருவர் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். தனியாகப் பேசலாமா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். போன தடவை நான் பேசியது தவறு, பேச எனக்கு உரிமை இல்லை என்றேன். இந்த வைரஸ் எந்தக் குடும்பத்திலும் வரும், இந்தக் கூடத்தில் இருக்கும் யாருக்கும் வரலாம், ஒழுக்கத்தோடும் பாத்திரத்தோடும் அதற்குச் சம்பந்தம் இல்லை, அந்த அக்காவை நிறுத்தியது அநியாயம் என்றேன். பக்கத்து வீட்டு மாமிகளின் கைகள் நின்றுபோயின.

மாமி மட்டும் நிதானமாக இருந்தார். "அதுக்கென்ன இப்போ? வேற ஆள் வெச்சாச்சேம்மா. வெயில்ல வந்திருக்கே, காபி சாப்பிட்டுட்டுப் போ."

காபி வந்தது. பேப்பர் கப்பில்.

குடித்தேன். இவ்வளவு துல்லியமான பதிலை எங்கள் துறையில் யாரும் எனக்கு எழுதியனுப்பியதில்லை. உள்கட்டின் கதவோரம் மருமகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். செய்தியை அவர்தான் பாலக்கரைக்குச் சொல்லியிருக்க வேண்டும், நான் கிளினிக் திரும்புவதற்குள் அந்த அக்காவிடமிருந்து போன் வந்துவிட்டது.

"பேப்பர் கப்பாமே?" என்றார். சிரிப்பை அவர் மறைக்கவில்லை. "வியாழக்கிழமை வாரேன். ரெண்டு வீட்டு வேலை முடிச்சுட்டு பதினோரு மணிக்கு."

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முன்பே வந்துவிட்டார். சம்மதப் படிவத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு பத்திக்கும் தலையாட்டிவிட்டு, "இதை அன்னைக்கே படிச்சிருக்கலாம்ல? என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். புது டியூபில் மாதிரி எடுத்தோம். அதே வகை வைரஸ்தான். அடுத்த வாரம் மறுபடி வரவழைத்தோம். எங்கள் டாக்டரம்மா, நீர் கலந்த வினிகரைத் தடவிப் பார்த்தார். கருப்பை வாயில் ஒரு ஓரத்தில் வெள்ளையாகத் திட்டு எழும்பியது. புற்று இல்லை, அதற்கு முந்தைய நிலை. சூடான ஒரு கருவியின் முனையை அந்த இடத்தில் சிறிது நேரம் வைத்து எடுத்தார். அவ்வளவுதான் சிகிச்சை. இந்தச் சிறிது நேரத்துக்காகத்தான் அத்தனை பொன்னாடைகளும், டார்கெட்டுகளும், கோபுரப் படங்களும். அவற்றில் எதுவும் இந்தப் பெண்ணை இந்த மேசைக்குக் கொண்டுவரவில்லை.

"கொஞ்ச நாளைக்குத் தண்ணி மாதிரிப் படும், பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. "நாலு வாரத்துக்கு வீட்டுக்காரர்கூடச் சேரக் கூடாது."

"அந்தாளு ஓடிப்போயி ஆறு வருசம் ஆவுது. நாலு வாரம் என்ன, நீங்க நாப்பது வருசம்னு எழுதிக் குடுங்க, ஒரேயடியா தொல்லை விட்டுச்சு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அந்த அக்கா சிரிக்கவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு என் மேசைக்கு வந்தார். மாமி வீட்டு வேலை போனதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன், வேறு வேலைக்கு யாரிடமாவது சொல்லட்டுமா என்றும் கேட்டேன்.

"அதெல்லாம் நான் பாத்துக்குவேன். நீங்க யாருகிட்டயும் எதுவும் சொல்லாம இருந்தாப் போதும்."

அடுத்த சோதனைக்கான சீட்டை எழுதினேன்.

"ஒரு வருசம் கழிச்சு வரணுமாமே. நீங்க இருப்பீங்களா?"

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பது அப்போது தெரியாது. புதுப்பிக்க வேண்டிய கை, பிஸ்கட் நனைக்கும் கை. "தெரியலை அக்கா" என்றேன்.

"அப்ப டாக்டரம்மா பேரை எழுதிக் குடுங்க. நம்பரும். நீங்க இல்லைன்னா நான் யாரு பேரைச் சொல்லி உள்ள வர்றது?"

எழுதினேன். வாங்கி ஒருமுறை வாசித்துப் பார்த்தார், மேலே தன் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்து உறுதிசெய்துகொண்டார். பிறகு பர்ஸில் வைத்துக்கொண்டு, ஒன்றரை மணிக்கு வேலை செய்யும் வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பஸ்ஸுக்குப் போனார்.